வில்லங்கம் சுவரில் இருக்கிறது

அப்பா கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டியவர். முப்பத்து நாலு வருஷம், விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்தவர். ரிட்டயர் ஆனதும் தோட்டத்துக் கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கையில் வந்த பணம் மொத்தத்தையும், அதற்கு மேல் என் பெயரில் எடுத்த வங்கிக் கடனையும் போட்டு நாகர்கோவிலுக்கு வெளியே ஐந்து செண்டில் ஒரு வீடு வாங்கினோம். நாலு வருஷம் ஆன வீடு. “புது வீடுதான்டே, பெயின்ட் மணம்கூட இன்னும் போகல்ல” என்றார் மாமா.

நாலு வருஷ வீட்டில் பெயின்ட் மணம் ஏன் அடிக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனி மழையில் மேற்குச் சுவர் வேர்த்தது. ஆடியில் படுக்கையறை ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக இறங்கியது. ஒரு நாள் அம்மா சுவரில் கையை ஊன்றி எழுந்தபோது முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அப்புறம்தான் ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டோம். அவர் சுவரைத் தட்டினார், மாடிக்குப் போனார், பக்கத்து வயலைப் பார்த்தார். வயலை நிரப்பிய மண்ணிலேயே அஸ்திவாரம் நிற்கிறது, மாடியின் வாட்டம் தவறு, தண்ணீர் படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறது, பூச்சு பல இடத்தில் சுவரைப் பிடிக்கவே இல்லை. கிளம்பும்போது சொன்னார்: “வாங்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தாலும் இதே ரெண்டு மணி நேரந்தான் தம்பி ஆகியிருக்கும்.”

அந்த வாக்கியம் தந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபம் விற்றவர் மீது கொஞ்சம், எங்கள் மீது நிறைய.

ஏனென்றால் நாங்கள் எதையும் பார்க்காமல் வாங்கியவர்கள் இல்லை. வக்கீலிடம் காட்டினோம். முப்பது வருஷ வில்லங்கச் சான்று எடுத்தோம். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் சரிபார்த்தோம். வாஸ்து பார்க்கிறவர் வந்து சமையலறை அக்னி மூலையில் இருப்பதாகச் சான்று கொடுத்துவிட்டுப் போனார். நானோ பத்திர நகலில் இருந்த மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். படித்தவன் இல்லையா! காகிதத்தை அத்தனை பேர் பார்த்தோம், சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

“பேங்க்ல இருந்து ஆள் வந்து பாத்தாச்சே” என்பார்கள். வந்தார். அவர் வங்கிக்காக வந்தவர். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. மழைக்கு ஒழுகுமா என்பது என்னுடைய கேள்வி. அதை அவரிடம் நான் கேட்கவும் இல்லை, அதற்கு அவருக்குக் கூலியும் இல்லை.

அப்பாவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரப்பர் பாலை அளவு பார்த்து மட்டும் யாரும் விலை வைக்க மாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கியோ, மாதிரி எடுத்து உலர்த்தியோ, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்த பிறகுதான் விலை. தண்ணீர் கலந்தால் தெரிந்துவிடும். ஒரு கேன் பாலுக்கு இருக்கும் இந்தச் சோதனை, அந்தப் பாலை வெட்டி வெட்டிச் சேர்த்த காசில் வாங்கும் வீட்டுக்கு இல்லை. இது எப்படி நடந்தது?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்கிறது பழமொழி. வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. அன்று வீடு கட்டியவன் தினமும் கூடவே நின்றான். கொத்தனார் கலவையில் எத்தனை சட்டி மணல் போடுகிறார் என்று எண்ணினான். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்ற வீட்டுப் பிள்ளைகளை அனுப்பினான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும் கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. விற்பதற்காகக் கட்டும் வீட்டில் அந்த 10 நாளும் வாளி தூக்கியது யார்? நாம் அங்கே இல்லை. ஆகவே, நாம் இல்லாத நாட்களுக்குப் பதிலாக ஒரு கண்ணை இப்போது கூலி கொடுத்துக் கூட்டிவர வேண்டும். வேறு வழி இல்லை.

புதுசு என்பது தரத்துக்குச் சாட்சி இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டிடம் கட்டி முடிக்கப்படவே இல்லை. அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கின் புதிய குடியிருப்பில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்வதை மொத்தத் தமிழ்நாடும் வீடியோவில் பார்த்தது. பழைய வீடு தன் குறையை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். புது வீட்டின் குறை இன்னும் புட்டிக்கும் பெயின்டுக்கும் பின்னால் இருக்கிறது.

சரி, சட்டம் இருக்கிறதே? இருக்கிறது, படித்துப் பாருங்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. கூடவே ஒரு கொக்கி. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். நீங்கள் பார்க்காமல் விட்டதே விற்றவருக்கு வக்காலத்து ஆகிவிடும். ரெரா சட்டமோ கட்டுமானக் குறைகளுக்கு 5 வருஷம் கட்டியவரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டத்தை அங்கே பதிவு செய்யும் கட்டாயமே கிடையாது. 500 சதுர மீட்டர் என்றால் பன்னிரண்டு செண்டுக்குச் சற்று மேல். நம் ஊர் ஐந்து செண்டு வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்காகப் பெரிய ஆய்வு, கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுப்பது என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். பிரிட்டனில் ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில்முறை அமைப்பு வீட்டு ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. (இங்கே சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர், அங்கே வீட்டைப் பார்ப்பவருக்கும் அதே பெயர்.) புதிய, வழக்கமான முறையில் கட்டிய, நல்ல நிலையில் இருக்கும் வீட்டுக்கு முதல் நிலையே போதும் என்கிறார்கள். கண்ணால் பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்துக் கொடுப்பார்கள். அந்த அறிவு நமக்கும் போதும். நிரப்பிய நிலம், பிறகு ஏற்றிய மாடி, சாய்வான விரிசல் இவற்றில் ஒன்று தென்பட்டால் மட்டும் அடுத்த நிலைக்குப் போங்கள்.

செலவா? கட்டிய வீட்டை வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறோம். புரோக்கருக்குத் தனியாக. வாஸ்துக்காரருக்கு வெற்றிலை பாக்கோடு. எஞ்சினியரின் அரைநாள் கூலி மட்டும் நமக்கு வீண்செலவாகத் தெரிகிறது.

“ஆளைக் கூட்டிட்டுப் போனா வித்தவர் நம்மைப் பத்தி என்ன நினைப்பார்?” என்று அன்று அப்பாவே கேட்டார். வக்கீலைக் காட்டும்போது வராத கூச்சம் எஞ்சினியருக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? நம்பிக்கை உள்ளவர் “தட்டிப் பாருங்க” என்றுதான் சொல்வார். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இலக்கியம் படிக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? உங்களில் பலர் இப்போது வாடகை அறையில் இருக்கிறீர்கள். ஒரு நாள் வீட்டில் இருந்து போன் வரும். “நீதானே படிச்சவன், ஒரு வார்த்தை பாத்துச் சொல்லு மக்கா” என்பார்கள். இருபது வருஷக் கடனில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். அப்போது பத்திரத்தில் எழுத்துப்பிழை திருத்திவிட்டு ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். உங்களுக்கென்று ஒரு எஞ்சினியரைப் பிடியுங்கள். புரோக்கர் கூட்டிவருபவர் வேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது.