நெகட்டிவையும் எடுத்து வாருங்கள்

கொடைக்கானலில் ஃபிலிம் கேமராவோடு அலைகிறவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றி மூடுபனிக்குத்தான் வரும். கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த படம் ஒன்று மேசைக்கு வரும். வெள்ளையாக இருக்க வேண்டிய மஞ்சு அழுக்குச் சாம்பலாக இருக்கும்.

"மீட்டர் காட்டினபடியா வச்சீங்க?"

"ஆமாண்ணே."

"அதான். ஒரு ஸ்டாப் கூட்டியிருக்கணும்."

எதன்மேல் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்வது லைட் மீட்டரின் குணம். மஞ்சின் வெண்மை அதற்குத் தெரியாது.

இந்தப் பேச்சு பயன்பட வேண்டுமானால் மேசையில் நெகட்டிவ் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் லேபில் ஸ்கேன் செய்த படம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. ஸ்கேனரே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடுவதால், பிழை எடுத்தவருடையதா, கழுவியவருடையதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து லென்ஸால் பாருங்கள். சோலைமரத்தின் அடிப்பகுதி ஒன்றுமே இல்லாமல் தெளிந்து கிடந்தால், அங்கே ஒளி பதியவில்லை என்று அர்த்தம். எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது.

கழுவுவதிலும் மலைக்குத் தனிக்கணக்கு உண்டு. டி-76 டெவலப்பருக்குப் பொதுவாக 20 டிகிரி. மதுரையில் ஐஸ் போட்டுக் குளிர்விக்கிறவர்கள், கொடைக்கானலின் மார்கழிக் குளிரில் வெந்நீர் கலந்து சூடேற்ற வேண்டும். குளிர்ந்த கரைசலில் அதே நேரம் கழுவினால் நெகட்டிவ் மெலிந்துதான் வரும்.

படத்தையும் குறிப்பையும் சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறது. முதலில் கண்ணாடித் தட்டில், பிற்காலத்தில் ஃபிலிமில். சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டறிந்தது, இங்கே எடுத்த நிறமாலைப் படங்களில்தான். அந்தப் பழைய படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போது டிஜிட்டலாக்கி, உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தத் தந்திருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் என்ற பதிவு கூடவே இருப்பதால்தான், நூறு ஆண்டுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பேச முடிகிறது. அது இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் வட்டங்கள்.

நம் படங்களுக்கும் இது பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். "அருமை", "சூப்பர்" என்று பாராட்டிவிட்டுக் கலையும் கூட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எடுத்தவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. இந்தக் காலத்தில் ரோல் விலை, கழுவும் கூலி எல்லாம் கொடுத்து 36 படம் எடுக்கிறவருக்கு, 37-வது படம் எப்படி வர வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

2018-ல் பழனி மலையில் குறிஞ்சி பூத்தபோது எடுத்த ரோல்கள் பலர் வீட்டு அலமாரியில் இருக்கும். அடுத்த பூப்பு 2030-ல். அதற்குள் அந்தப் பழைய நெகட்டிவ்களை எடுத்துப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இடம், தேதி, ஃபிலிம், ஸ்டாப் என நினைவில் இருப்பதையெல்லாம் உறையின்மேல் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கையோடு எடுத்து வாருங்கள்.