பட்டாளத்துக்கு ஏற்றவர் யார்?

மார்பை அளக்க நாடா இருக்கிறது. ஓட்டத்தை அளக்கக் கடிகாரம் இருக்கிறது. கூட இருப்பவர்களோடு ஒத்துப்போகும் குணத்தை எதைக்கொண்டு அளப்பது?

1942-ம் ஆண்டு. உலகப்போர் நடந்த நேரம். அதுவரை பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி ஆவதற்குச் சிறிய பேட்டியே போதும். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்பார்கள். அப்படி எடுத்தவர்களில் பலர் பயிற்சியிலேயே தோற்றார்கள்.

பியான் என்ற மனநோய் மருத்துவர் ஒரு வழி கண்டார். சிலரை ஒன்றாக விட்டு, ஒரு வேலையைக் கொடுத்தார். தலைவன் யார் என்று சொல்லவில்லை! ஒவ்வொருவனுக்கும் தான் தேறவேண்டும் என்ற ஆசை. ஆனால், மற்றவன் கை கொடுக்காமல் வேலை முடியாது. அப்போது அவனவன் குணம் வெளியே வந்துவிடும்.

1943-ல் இந்த முறை டேராடூனுக்கு வந்தது. இன்றும் பெங்களூர் முதலிய இடங்களில், அதிகாரி ஆக விரும்புவோருக்கு 5 நாள் சோதனை நடக்கிறது. பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றை வைத்துக்கொண்டு தடைகளைத் தாண்டவேண்டும். மனோதத்துவ நிபுணர், பேட்டி அதிகாரி, குழுச் சோதனை அதிகாரி ஆகிய 3 பேரும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

இதற்கும் தனிப்பயிற்சிக் கூடங்கள் வந்துவிட்டன! முந்திக்கொண்டு பேசுகிறவனுக்கே மார்க் என்றால், வாய் திறக்காமல் பலகையைத் தாங்கிப் பிடித்து, மற்றவர்களை முதலில் தாண்டவிடும் கிராமத்துப் பையன் என்ன ஆவான்? தேர்வாளர்கள் அவன் கைகளையும் பார்க்கவேண்டும்.