எஞ்சினுக்கு ஒரு நீதி, ஏழை மூக்குக்கு ஒரு நீதியா?

ஏலமலையில் பெய்யும் மழை கொட்டக்குடி ஆறாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கி வருகிறது. மலையடிவாரம் வரை அது தண்ணீர். ஊரைத் தாண்டும்போது? சாக்கடையும் அதில்தான் கலக்கிறது. அந்த ஆறு வைகையில் சேர்கிறது. வைகை அணை நீரைத்தான் மதுரை குடிக்கிறது!

சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்றால் மக்களே மறுக்கிறார்கள். "எங்கள் தெருப் பக்கம் வேண்டாம், நாற்றம் தாங்காது" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். சென்னையில் கொடுங்கையூர், மதுரையில் அவனியாபுரம் வெள்ளைக்கல். குப்பைமேடும் கழிவுநீர் நிலையமும் ஜோடியாக வந்து உட்கார்ந்த இந்த இடங்கள் பங்களாவாசிகள் குடியிருக்கும் பகுதிகளா?

நாற்றம் தலைவிதி என்று எவன் சொன்னான்?

காற்றுப் படாமல் தேங்கிய சாக்கடையில் ஒருவகை பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அதைத் தின்று தீர்க்கவும் பாக்டீரியா உண்டு. தொட்டிகளை மூடி, உள்ளிருக்கும் காற்றைக் குழாயில் இழுத்து, ஈரமான தேங்காய் நார், மரச்சில், மக்கிய உரம் பரப்பிய படுக்கையின் அடியில் செலுத்த வேண்டும். அதில் ஒட்டி வாழும் தயோபேசில்லஸ் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கிவிடும். படுக்கை காயக்கூடாது, அமிலம் தேங்காமல் நீர் தெளித்துக் கழுவ வேண்டும், நார் மக்கினால் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் பொமராய் என்பவர் மண்படுக்கை முறைக்கு 1957-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் தேங்காய் நாருக்கா பஞ்சம்?

வாசனைத் திரவம் தெளிப்போம் என்று சிலர் கிளம்புவார்கள். ஏலக்காய் மணத்தில் வளர்ந்த போடிக்காரரிடம் அந்த வித்தை பலிக்காது!

சென்னை நிலையங்களில் கழிவிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். பாராட்டுகிறோம். இத்தகைய வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை நீக்கிய பிறகே எஞ்சினுக்குள் விடவேண்டும் என்பது விதி. இல்லையேல் எஞ்சின் அரித்துப் போகுமாம். பக்கத்துத் தெருக் குழந்தையின் நெஞ்சு என்ன இரும்பை விடக் கெட்டியா?

இந்த வாயு மிகுந்தால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும். சாக்கடைக் குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர் பலர் மாண்டது இப்படித்தான். 2013-ல் தடைச் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவு நின்றதா? தொட்டியை மூடினால் வாயு உள்ளே சேரும். ஆகவே உள்ளே மனிதனை இறக்காத ஏற்பாடும் கூடவே வேண்டும்.

போடிக்கு எந்தத் திட்டம் வந்தாலும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: தொட்டிக்கு மூடி, வாயுவுக்கு நார்ப்படுக்கை, இரண்டையும் பராமரிக்கப் பத்தாண்டுப் பணம். இவை இல்லாத தீர்மானம் நகர்மன்றத்துக்கு வந்தால், கை தூக்குமுன் உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள்: "ஐயா, உங்கள் வீட்டுப் பக்கத்தில் கட்டச் சம்மதமா?"