குரலுக்குப் பூட்டு

நியாயஸ்தலம் ஒருவனுக்கு விடுதலை அளித்தால் அவன் விடுதலை பெற்றுவிட்டதாகவே உலகம் எண்ணுகிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானதென்பதைத் தென்கொரியப் பாடகர் கிம் ஜுன்ஸுவின் சரித்திரம் தெளிவாக்குகிறது.

சியோல் நகரத்து எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் கம்பெனியார் பள்ளிச் சிறுவராயிருந்த அவரைத் தேர்ந்தெடுத்துப் பாட்டும் நடனமும் பயிற்றுவித்தனர். 2003-ம் வருஷம் டிசம்பரில் 'தொங்பாங் ஷின்கி' என்னும் ஐவர் குழுவில் ஒருவராக அவர் அரங்கேறினார். குழுவின் கீர்த்தி ஜப்பானிலும் பரவியது. 2009 ஜூலையில் டோக்கியோ டோம் மாளிகையில் அவர்கள் கச்சேரி செய்தனர். அம்மாத முடிவிலேயே ஜுன்ஸுவும் தோழர் இருவரும் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தனர்.

காரணம் யாது? உடன்படிக்கையின் காலம் 13 வருஷம். கட்டாய ராணுவ சேவையையும் சேர்த்தால் 15 வருஷத்திற்கு மேலாகுமென்று வாதிகள் முறையிட்டனர். வாலிபப் பருவம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்வது உடன்படிக்கையா, அடிமைச் சீட்டா? அவ்வருஷம் அக்டோபரில் சியோல் கோர்ட்டு, மூவரின் சொந்த நடவடிக்கைகளில் கம்பெனி தலையிடலாகாதென்று இடைக்கால உத்தரவிட்டது.

பயிற்சிக்குப் பணம் செலவிட்டவர் பலனை அடைய வேண்டாமா என்று கேட்பாருளர். நியாயமான கேள்வியே. போட்ட முதலுக்கு லாபம் கேட்கலாம்; மனிதனின் ஆயுளுக்குப் பாத்தியதை கோரலாகாது. கொரிய சர்க்காரின் நியாய வர்த்தகக் கமிஷனே 2009-ல் வெளியிட்ட மாதிரி உடன்படிக்கையில் 7 வருஷத்தை எல்லையாக வகுத்தது.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. கம்பெனியும் கலைத் தொழிலதிபர் சங்கமொன்றும் மூவருக்கும் இடங்கொடாதபடி ஒலிபரப்பு நிலையங்களை நெருக்கின. டெலிவிஷன் சங்கீத மேடைகள் அடைபட்டன. ஜுன்ஸு நாடக மேடையைச் சரணடைந்தார். 2010-ல் 'மொஸார்ட்!' என்னும் இசை நாடகத்தில் கதாநாயகராகத் தோன்றினார். 2012-ல் 'எலிஸபெத்' நாடகத்தில் மரண தேவன் வேஷம் பூண்டு சிறந்த நடிகரென்ற பரிசும் பெற்றார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டாடிய குரலை டெலிவிஷன் மட்டும் கேளாதிருந்தது!

2012 நவம்பரில் வழக்கு சமாதானமாயிற்று. 2013-ல் அக்கமிஷன், குறுக்கீட்டை நிறுத்துமாறு கம்பெனிக்கும் சங்கத்திற்கும் உத்தரவிட்டது. அதன் பின்னரும் கதவு எளிதில் திறக்கவில்லை. 2015 ஏப்ரலில்தான், ஏறக்குறைய ஆறு வருஷங்களுக்குப் பின், கல்வி ஒலிபரப்பு நிலையமொன்று அவரைப் பாட அழைத்தது. அவ்வருஷம் நவம்பரில் கொரியப் பார்லிமெண்டு ஒலிபரப்புச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாவது மனிதரின் வற்புறுத்தலுக்கிணங்கித் தக்க காரணமின்றிக் கலைஞரை விலக்கலாகாதென்று விதித்தது.

புகழும் பொருளும் ஜனங்களின் அபிமானமும் பெற்ற ஒருவருக்கே ஆறு வருஷம் பிடித்ததென்றால், பெயரறியாத கலைத் தொழிலாளியின் கதி என்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தீர்ப்புடன், பிழைப்பின் வாயிலைக் காப்பவர் காரணம் கூறக் கடமைப்பட்ட சட்டமும் வேண்டும். அதனை இடைவிடாது வற்புறுத்தும் பொதுஜன அபிப்பிராயமும் வேண்டும்.

2021-ல் ஜுன்ஸு சொந்தமாக ஒரு கம்பெனி நிறுவினார். தாம் பட்டதைப் பிறர் படாதபடி உடன்படிக்கை எழுதுவதே அவருக்கு இனி அழகாகும்.