எந்தக் குழு என்று கேளுங்கள்

“நானும் குழுவிலே இருக்கேன்” என்று யாராவது சொன்னால், “எந்தக் குழும்மா?” என்று கேட்பது என் வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில் இரண்டு விதமான குழுக்கள் உண்டு. ஒன்று, பெண்களே சேர்ந்து சேமித்து நடத்தும் மகளிர் சுய உதவிக் குழு. மற்றது, கடன் கொடுப்பதற்கென்றே கம்பெனிக்காரர்கள் சேர்த்து வைக்கும் கடன் குழு. முதலாவதில் சேமிப்புக்குப் பிறகுதான் கடன். இரண்டாவதில் கடனைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளுத்ததெல்லாம் பாலாகுமா, சகோதரிகளே?

சுய உதவிக் குழு நேற்று முளைத்ததல்ல. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் உருவாயின. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது. 1997-98-ல் வந்த மகளிர் திட்டம் இதை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றது. நிலமும் நகையும் இல்லாத பெண்ணை வங்கி வாசலில் நிறுத்திப் பேச வைத்தது இந்த ஏற்பாடுதான்.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிது. 15 பேர் வாரம் 50 ரூபாய் போட்டால் ஒரு வாரத்துக்கு 750 ரூபாய். 52 வாரத்தில் 39,000 ரூபாய். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஒருத்திக்கு 10,000 ரூபாய் தேவை என்று வையுங்கள். வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். குழுவில் இரண்டு வட்டி என்று வைத்தாலும் முதல் மாத வட்டி 200 ரூபாய்தான். அந்த 200-ம் வேறெங்கும் போகாமல் நம் குழுவுக்கே திரும்பி வரும்!

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவர் கான்டிராக்ட் வேலைக்காரர். இவளுக்கு மூன்று இடத்தில் வாரத் தவணை. ஆலையில் ஆர்டர் குறைந்து ஷிஃப்டைக் குறைத்தார்கள். தவணையை யார் குறைப்பார்கள்? மூன்றாவது கடன் வாங்கி முதல் கடனை அடைத்தாள். வசூலுக்கு வந்தவர் வாசலில் உட்கார்ந்தபோது, கூடக் கையெழுத்துப் போட்ட சிநேகிதிகளே இவளைத் திட்டினார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமே! கடனோடு சேர்ந்து நட்பும் போயிற்று.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, குறுங்கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய கடன் அட்டையை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. “மானம் போகுமே” என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி நம் குழுவைப் பற்றி. 12 முதல் 20 பேர் வரை சேரலாம். கூட்டம் தவறாமல் நடக்கட்டும். சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டியது எல்லாம் அன்றன்றே நோட்டில் ஏறட்டும். ஊக்குநர் மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கேட்கும்படி கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டினால் வங்கிக் கடனுக்குத் தகுதி பார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு அடமானம் கிடையாது. விவரங்களுக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மகளிர் திட்ட அலுவலகத்தைக் கேளுங்கள்.

கடன் வாங்கினால் வருமானம் தரும் வேலைக்கு வாங்குங்கள். பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பை தைப்பதும் ஒரு தொழில்தான். ஊரில் கிடைக்கும் ஓலையிலும், கையில் இருக்கும் தையல் மிஷினிலும் நடக்கிற தொழிலுக்கு ஆலை ஆர்டரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் வாங்குவார்கள் என்று விசாரித்துவிட்டு முதல் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. “வாடகைக்கு இருக்கறவளைச் சேர்த்தா, நாளைக்கே காலி பண்ணிட்டுப் போயிடுவாளே” என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தயக்கம் நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது. முதல் வருஷம் அவர் சேமிப்புக்கு மேல் கடன் தர வேண்டாம் என்று தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது சேமிப்பைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிக்கொண்டால், குழு யாருக்காக ஏற்பட்டதோ அவள் வெளியில்தான் நிற்பாள். பத்து வட்டிக்காரரும் கடன் கம்பெனியும் அவளைத்தான் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நாம் போய்க் கூப்பிடுவோம்.