நடுவருக்கும் ஒரே புரோகிராம் வேண்டும்

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 12-ஐ 8-ஆல் பெருக்குங்கள். காலையில் 96 வந்தால் மாலையிலும் 96 தான். இந்த உறுதியை நம்பித்தான் மாணவர்கள் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். ஆனால் போட்டிக் களத்தில் பல புள்ளிகளை முடிவு செய்வது மனிதக் கண். சிக்கலே அங்கேதான்.

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் ஆண்டுதோறும் ஆட்டம் மாறும். 2014-ல் வந்த ஆட்டம் ஏரியல் அசிஸ்ட். மூன்று ரோபோக்கள் ஒரு கூட்டணி. இரண்டடி விட்டமுள்ள பந்தை, களத்தின் மூன்று பகுதிகளில் மூன்று ரோபோக்களும் கையாண்டு கோல் போட்டால் 30 புள்ளி கூடுதல். சரி, கையாள்வது என்றால் என்ன? தூக்கிச் செல்வதும் எறிவதும் பளிச்சென்று தெரியும். பந்தை இடித்து இடித்து ஓட்டிச் செல்வதும் கணக்கில் சேரும் என்றது விதி. எத்தனை முறை இடித்தால் ஓட்டியதாகும்? எதிரணியின் பந்தை இப்படி ஓட்டினால் அது தவறு வேறு! சாதாரணத் தவறுக்கு 20, பெரிய தவறுக்கு 50 புள்ளி எதிரணிக்குப் போய்விடும். உயரமான கோலுக்கே 10 தான் என்றால், ஒரு நடுவரின் கண்சிமிட்டலுக்கு என்ன விலை என்று பாருங்கள். அந்த நடுவரோ சம்பளம் வாங்காத தன்னார்வலர். இரண்டரை நிமிடமும் பந்தைப் பார்த்தபடியே தொடுதிரையிலும் தட்ட வேண்டும். பாவம்தான்.

கண்டிப்பான நடுவரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இரண்டு இடியே தவறு என்று முன்பே தெரிந்தால், அதற்கேற்ப ரோபோவை மாற்றிக்கொள்ளலாம். ஓர் ஊரில் இரண்டு, அடுத்த ஊரில் நான்கு என்றால் ஆறு வாரம் கண்விழித்துச் செய்த மாணவன் எதை மாற்றுவான்?

தலைமை நடுவர் வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்றமாட்டார் என்பது 2014-ல் அங்கிருந்த விதி. பெற்றோருக்குக் கோபம் வரும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீடியோ ஓடினால் போட்டி நள்ளிரவிலும் முடியாது. வீடியோ தேவைப்படுவது போட்டிக்கு முன்னால். 'இது தவறு, இது தவறல்ல' என்று சிறு காட்சிகளாகப் பிடித்து, நடுவர்களுக்கும் அணிகளுக்கும் ஒரே தொகுப்பாகக் கொடுக்கலாமே! எழுத்தில் பத்துப் பக்கம் விளக்குவதைப் பத்து விநாடிக் காட்சி காட்டிவிடும்.

உங்கள் பிள்ளை ஏதாவது ரோபோ போட்டிக்குப் போகிறானா? கிட் வாங்குவதற்கு முன் விதிப் புத்தகத்தை டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுங்கள். 'நடுவர் கருதினால்' என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, இப்போதே கேள்வியாக எழுதி அமைப்பாளர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.