வினையிழந்து மீள்வோர்க்கு ஓர் ஆற்றுப்படை

ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்கு ஐந்திணை இலக்கணம் கற்பிக்கும்போது, பாலைத்திணைக்கு மட்டும் நாம் எடுத்துக்காட்டைத் தொலைவில் தேடுவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் வெடித்துக் கிடக்கும் கரிசலும், நீர் வற்றிய கண்மாய்களும், அவற்றின் உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலமும், மழைக்காலத்தில் சில நாள் மட்டும் ஓடும் குண்டாறும் அப்பாடத்தைத் தாமே நடத்திவிடும். பாலை என்பது தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே அது என இளங்கோவடிகள் உணர்த்துவதையும் எடுத்துரைப்போம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அப்பிரிவினுள்ளும் நம் வட்டாரத்திற்கு நெருங்கியது பொருள்வயிற் பிரிவு.

பொருள் தேடப் பிரிந்த தலைவன், எடுத்த வினையை முடித்து மீளும் பாடல்கள் சங்க இலக்கியத்தில் பல. ஆனால், சென்ற இடத்தில் வினையை இழந்து வெறுங்கையோடு மீள்பவனுக்கென அகத்திணையில் ஒரு துறை வகுக்கப்பட்டிருப்பதாக நாம் அறியோம். இலக்கணத்தில் இடம்பெறாத அம்மனிதனுக்கு இன்று ஊரிலும் இடமில்லாமற் போகிறதே என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெறுங்கையோடு மீளுதல் தமிழர்க்குப் புதியதன்று. 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் கடந்து கால்நடையாகவே மீண்டோர் பலர். 1990இல் குவைத் போரின்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் நிதி நிறுவனம் சாய்ந்தது. அதன் அதிர்வில் துபாயில் கட்டடப் பணிகள் நின்றன, திருப்பூரில் பின்னலாடைக் கொள்முதல் ஆணைகள் குறைந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த சுங்கவரி 50 விழுக்காட்டை எட்டியபோது, திருப்பூர் மீண்டும் திகைத்தது. அவ்வாண்டு ஜூலையில்தான் நாட்டின் பெரிய கணினி மென்பொருள் நிறுவனமாகிய டி.சி.எஸ்., தன் ஊழியருள் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்திருந்தது.

இவை செய்தித்தாளில் படித்து மறக்கும் செய்திகளாகவே நமக்கும் இருந்திருக்கும், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரை அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் காணாதிருந்தால். கையில் சோற்றுப்பாத்திரத்துடன் நிழற்குடையில் அமர்ந்திருந்தார். மறுவாரமும் அதே இடத்தில், அதே நேரத்தில் கண்டோம். அருகமர்ந்து வினவிய பிறகே உண்மை வெளிப்பட்டது. வெளியூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர், வேலை இழந்து மூன்று திங்களாகின்றன. வீட்டாருக்கு அது தெரியும், தெருவுக்குத் தெரியாது. அருகிலேயே வேறு வேலை கிடைத்திருப்பதாகத் தெருவார் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தாயார் நாள்தோறும் சோறு கட்டிக் கொடுக்கிறார். மகன் அதை எடுத்துக்கொண்டு வந்து பேருந்து நிலையத்தில் உண்டுவிட்டு மாலையில் திரும்புகிறார். தமக்கையின் வளையல்கள் அடகுக்கடையில் இருந்தன. அடகு போதாமல் கந்துவட்டிக்கும் வாங்கியாகிவிட்டது.

அதனினும் நம்மை வருத்திய செய்தி மற்றொன்று. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது, “தாமாக விலகுகிறேன்” என எழுதிக் கையொப்பமிடச் சொல்லியிருக்கின்றனர். அவரும் மறுக்காமல் இட்டுவிட்டார். காரணம் கேட்டோம். “நீக்கப்பட்டேன் என்பதைவிட விலகினேன் என்பது கௌரவமாகத் தோன்றியது, ஐயா” என்றார். அக்கையொப்பத்தால் சட்டப்படி கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய இழப்பீட்டுக்கான வழியைத் தாமே அடைத்துக்கொண்டார். வேலையைப் பறித்தது சந்தை. இழப்பீட்டைப் பறித்ததோ நாணம். அந்த நாணத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் நாமல்லவா?

நம்மூர் நெசவாளர் தெருவில் ஒரு தறி நின்றால் தெரு முழுவதற்கும் தெரியும். ஓசை நின்றுவிடும். 2022இல் ஒரு கண்டிப் பருத்தியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் விலை கட்டுப்படியாகாமல் தறிகள் ஓய்ந்தபோது, எவரும் எவரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. பாவுக்கு நூல் இல்லை என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. கணினி முன் அமர்ந்து கணக்கெழுதியவனின் வேலை நின்றால் ஓசை ஏதும் நிற்பதில்லை. ஆகவே, அவனிடம் குறையொன்று இருந்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்கிறது. “நான்கு பேர் வேலையில் இருக்க இவனை மட்டும் ஏன் அனுப்பினார்கள்?” என்னும் கேள்வி திருமண வீட்டிலும், பள்ளிவாசல் முற்றத்திலும், தேநீர்க் கடையிலும் அவனைத் தொடர்கிறது.

மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி உழவனை நாம் பழிப்பதுண்டா? அவன் உழுதான், விதைத்தான், வடகிழக்குப் பருவமழை வரவில்லை என்றே சொல்கிறோம். உலகச் சந்தையும் மழையைப் போன்றதே; அது பொழிவதும் பொய்ப்பதும் அருப்புக்கோட்டைப் பட்டதாரியின் கையில் இல்லை. அரசுப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டின் தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர். முந்நூறு பேருக்கு ஓர் இடம்கூட இல்லாத போட்டியில் தோற்றவர் அனைவரையும் முயற்சியற்றவர் எனல் கணக்கறியாதார் கூற்றாகும்.

பெரியோர் சிலர் நம்மை மறுப்பர். “இன்றைய இளைஞர் கிடைத்த வேலையைச் செய்வதில்லை, மேசை நாற்காலி வேலையே வேண்டுமென்கின்றனர்” என்பர். இக்கூற்றில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பட்டம் பெற்றபின் பஞ்சாலையிலோ கடையிலோ நிற்பதை இழிவாகக் கருதும் மாணவரை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும், அவ்விழிவுணர்வை அவர்க்கு ஊட்டியது யார்? “படித்துவிட்டு இந்த வேலைக்கா போகிறாய்?” என்று கேட்டவர்களும் நாமே. வேலையின்றி இருந்தால் ஒரு பழி, சிறுவேலை பார்த்தால் மற்றொரு பழி எனில் அவன் செல்வதெங்கே? திருவள்ளுவர் மடியின்மையை முதலிலும், ஆள்வினையுடைமையை அதனையடுத்தும், இடுக்கணழியாமையை அதற்கும் அடுத்தும் வைத்த முறை கருதத்தக்கது. சோம்பலை நீக்கி முயன்றவனுக்கும் இடுக்கண் வரும் என்பதை அவர் அறிந்திருந்ததனால் அன்றோ அம்மூன்றாம் அதிகாரம் வேண்டப்பட்டது?

இனி, செய்யத்தக்கது யாது? அதற்கும் நம் இலக்கியத்தில் வழியுண்டு. அகத்திணை துறை வகுக்காத அம்மனிதனைப் புறத்திணை கைவிடவில்லை. அவனுக்கென ஆற்றுப்படை என்றொரு வகையையே கண்டது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று வருபவன், பெறாது வருந்தி வருபவனை வழியிற் கண்டு, செல்ல வேண்டிய இடத்தையும், அங்குச் செல்லும் வழியையும், வழியிடையே உண்ணக் கிடைப்பதையும், உதவுவோர் இயல்பையும் விரித்துரைத்து அனுப்புகிறான்.

அவன் அறிவுரை கூறுவதோடு நிற்பதில்லை. தன் பழைய வறுமையை முதலில் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில், தன் வீட்டார் உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் பார்வைக்கு நாணி, வாயிற்கதவை அடைத்துக்கொண்டு உண்டதைப் பாணன் மறைக்காது உரைக்கிறான். பேருந்து நிலையத்துச் சோற்றுப்பாத்திரத்தைக் கண்ட அன்று நமக்கு நினைவுக்கு வந்தது அந்த அடைத்த கதவே. அன்று அக்கதவைத் திறந்தது, முன்பு பசித்திருந்து இன்று வளம்பெற்ற ஒருவனின் வாய்ச்சொல். நம்மூரிலும் 1990இலோ 2009இலோ 2020இலோ வேலையிழந்து, பின்னர் நிமிர்ந்தவர்கள் பலர் உள்ளனர். இன்று கடை வைத்திருப்பார்கள், பதவியில் இருப்பார்கள். அவர்கள் அந்நாளைப் பற்றி வாய்திறப்பதில்லை. ஒருமுறை திறந்தால், கேட்கும் இளைஞனின் பாதிச்சுமை இறங்கிவிடும்.

ஆற்றுப்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள. ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியமும், நிறைவுற்ற ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும் என 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டமும் அவ்வுரிமையைக் கொண்டுள்ளது. மேலும், நீக்கப்பட்டவரின் மறுபயிற்சிக்கெனப் பதினைந்து நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே, விலகல் கடிதத்தில் கையொப்பமிடுமுன் ஒருநாள் அவகாசம் கேட்டு, அறிந்தவர் ஒருவரிடம் காட்டுக.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோர்க்கென 2018இல் வேலையிழப்பு உதவித்திட்டம் ஒன்று தொடங்கப்பெற்று, 2020இல் உதவி சராசரி நாளூதியத்தில் 50 விழுக்காடாக, 90 நாள் வரையில் என உயர்த்தப்பட்டது. அது காலவரையறையோடு நீட்டிக்கப்பட்டு வந்த திட்டமாதலின், அவ்வப்போதைய நிலையைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிட்டாத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பட்டதாரிக்குத் தமிழக அரசு திங்களுக்கு 600 ரூபாய் வீதம் மூன்றாண்டு வரை உதவித்தொகை வகுத்துள்ளது. தொகை சிறிதே; தேர்வு விண்ணப்பத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் கைகொடுக்கும். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதிருத்தல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். அபூதாவூது நபிமொழித் தொகுப்பில் வருவது அது. உதவி கேட்டு வந்த ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும் என்றார். அவற்றை வரவழைத்துச் சபையிலேயே ஏலமிட்டு இரண்டு திர்கத்துக்கு விற்று, ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் பயன்படுத்தச் செய்தார்கள். கோடரிக்குக் காம்பைத் தம் கையாலேயே பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். உழைத்து உண் என்னும் அறிவுரைக்கு இந்நிகழ்ச்சியை நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். ஆனால், அங்கே வறுமை சபையில் வெளிப்படையாகப் பேசப்பட்டதையும், சபையோர் விலை கொடுத்து வாங்கியதையும், காம்பைப் பொருத்திய கை வேறொருவருடையது என்பதையும் மறந்துவிடுகிறோம். வட்டியற்ற அழகிய கடன் நம் ஜமாஅத்துகள் அறியாததன்று. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் திறக்கும் பைத்துல்மால் பெட்டி, வேலையிழந்த குடும்பத்தின் முதல் மூன்று திங்களுக்கும் திறக்குமாயின் அக்குடும்பம் கந்துவட்டிக்காரன் வாயிலில் நில்லாது.

இவ்வறம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. நம் மாவட்டத் தலைநகராகிய விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் வீடுதோறும் பிடியரிசி திரட்டி 1889இல் நிறுவிய சத்திரிய வித்தியாசாலையில்தான் பெருந்தலைவர் காமராசர் பயின்றார். கைப்பிடி அரிசி பள்ளியாகிய மண் இது. இங்கே கண்மாய் வெட்டியவர்கள் மழை பெய்யும் ஆண்டில் வறண்ட ஆண்டை நினைத்தார்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நம் கரிசல் உழவர் சோளத்தோடு தட்டைப்பயற்றையும், பருத்தியினூடே உளுந்தையும் விதைத்தார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். பட்டத்தோடு தட்டச்சோ, கணக்குப் பதிவோ, மின்பணியோ, தையலோ, மொழிபெயர்ப்போ, வேறொரு தொழிலும் கையில் இருக்கட்டும். வேலை போய்விட்டால் முதல் வாரத்திலேயே மூவரிடம் சொல்லுங்கள்: வீட்டாரிடம், ஆசிரியரிடம், முன்பு அவ்வழி நடந்த ஒருவரிடம்.

நாம் கண்ட அம்மாணவர் இன்று வேலையில் இருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் காட்டிய வழியில் மதுரையில் ஒரு மொத்த வணிகக் கடையில் கணக்கெழுதுகிறார். ஊதியம் முன்னதைவிடக் குறைவு. வளையல்கள் இன்னும் மீளவில்லை. வட்டிக்கடன் மட்டும் அடைந்தது. அவர்க்கு வழி கிடைக்க நாம் செய்தது இரண்டு தொலைபேசி அழைப்புகளே. அவ்விரண்டு அழைப்புகளுக்கு மூன்று திங்கள் பிந்தினோம் என்பதே நம் வருத்தம்.

ஆதலின், நம் தமிழ்த்துறையில் பதிவேடு ஒன்றை இவ்வாண்டு முதல் வைக்க முனைந்துள்ளோம். ஒரு பக்கத்தில் வேலை வேண்டுவோர் பெயர். எதிர்ப்பக்கத்தில் வழிகாட்ட முன்வரும் பழைய மாணவர் பெயரும் பணியிடமும். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பழைய மாணவர்களும் ஊர்ப்பெரியோரும் அவ்வெதிர்ப்பக்கத்தை நிரப்பித் தருமாறு வேண்டுகிறோம்.